பத்தொன்பதரையில் ஒரு மணி நேரம்

அழுத்தமானியின் முள் பத்தொன்பதரையில் வந்து நின்றது. இக்பால் அண்ணன் பம்பை நிறுத்தி, வால்வைத் திருகி மூடி, கைத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பதினொண்ணு பத்து. எல்லாரும் மணியைப் பாத்துக்குங்க. பன்னெண்டு பத்து வரைக்கும் கயித்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஈ போகக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார். நாற்பது நிமிஷமாக ஷெட்டை உலுக்கிக்கொண்டிருந்த பம்புச் சத்தம் அறுந்ததும், துவாக்குடி வெயிலில் தகரக் கூரை டிக் டிக்கென்று விரிவது கேட்டது. எங்கோ பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டினார்கள். செரஃபீனாவுக்கு இந்த அமைதி பிடிக்கவில்லை. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அடுத்த மூச்சை இழுக்காமல் இருக்குமே ஒரு நொடி, அந்த நொடியை ஒரு மணி நேரத்துக்கு இழுத்துக் கட்டியது போல இருந்தது. மஞ்சள் கயிற்றுக்கு அப்பால் வெசல் என்கிற அந்த இரும்புக் கலம் படுத்திருந்தது. எட்டு மீட்டர் நீளம், ஆள் உயரத்துக்கு மேல் விட்டம், செங்காவி பிரைமர் பூசிய உடம்பு, இரண்டு தாங்கிகள் மேல் வயிறு நிறைய முப்பது டன் தண்ணீர். நாளைக்கு ஏதோ உரத் தொழிற்சாலையில் பதினைந்து கிலோ அழுத்தத்தில் வாயு அடைத்து நிற்கப்போவது, இன்றைக்கு அதைவிடக் கூடுதலாக, பத்தொன்பதரையில், தண்ணீரை வைத்து மூச்சடக்கி நின்று காட்டவேண்டும். ஒரு மணி நேரம் சொட்டு கசியாமல் நின்றால் பாஸ். அவள் போட்ட கணக்கு. லீதியா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, டேபிளுக்கும் வயிற்றுக்கும் இடையே ஸ்கேல் வைக்க இடமில்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு. ஆனால் மேனேஜர் சதாசிவம் சாருக்கு வலதுபக்கம், வாடிக்கையாளர் அனுப்பிய இன்ஸ்பெக்டருக்கு எதிரில், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது அவள் அல்ல, அவளுடைய ஜூனியர் பொற்செல்வி. வலதுபக்கம் நான் நிற்கிற இடம், என்று செரஃபீனா நினைத்தாள், நினைத்தவுடன் வெட்கமாக இருந்தது, சர்ச்சில் பெஞ்சுக்குச் சண்டை போடுகிற கிழவிகள் மாதிரி. பிரசவ லீவில் ஒரு ஆறு மாதம் இல்லாமல் போனால் இடம் தானாகவே மூடிக்கொள்ளும் போலிருக்கிறது, தண்ணீரில் விரலை விட்டு எடுத்தால் பள்ளமா நிற்கும்.

பத்தே காலுக்கு அவள் அதைப் பார்த்தாள். பழைய டிராயிங் சுருள்கள் அடுக்கிவைக்கிற அறையில், கதவுக்கு முட்டுக் கொடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பால் எடுக்கிற கைப்பம்பை அழுத்திக்கொண்டிருந்தபோது. இடது பக்கம் வரவே இல்லை. வேலைக்குத் திரும்பி ஒன்பது நாளாகிறது, இந்த ஒன்பது நாளும் இடது பக்கம் பிடிவாதம் பிடிக்கிறது, அழுத்தினால் இரண்டு சொட்டு, பிறகு மதியம் யாரும் கேட்காதபோது தானாக ஊற்றும். எதிர்ச் சுவரில் யாரோ இன்றைய டெஸ்டுக்காக அந்த வெசலின் டிராயிங்கை மாட்டியிருந்தார்கள். மூன்றாவது திருத்தம். அவள் விட்டுவிட்டுப் போனது முதல் திருத்தம். பார்த்தவுடன் மேகம் கண்ணில் பட்டது. டிராயிங்கில் எதை மாற்றினாலும் அந்த இடத்தைச் சுற்றி வளைவு வளைவாக ஒரு மேகம் வரைவார்கள், பட்டறையில் இருக்கிறவனுக்கு எது புதிது என்று தெரியவேண்டுமே. மேகம் நாலாவது நாசிலைச் சுற்றி இருந்தது. பெரிய குழாய் வந்து சேருகிற வாய் அது. உருளையில் வாய் வெட்டினால் அந்த இடம் பலவீனம், வெட்டி எடுத்த இரும்புக்கு ஈடாக வாயைச் சுற்றி ஒரு வளையத் தகட்டை, பேடு என்பார்கள், வைத்து வெல்டு செய்யவேண்டும். அவள் அதற்கு நூறு மில்லிமீட்டர் அகலம் கொடுத்திருந்தாள். மேகத்துக்குள் எழுபத்தைந்து என்று இருந்தது. எழுபத்தைந்தா? பம்பை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் டயபர் ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். உருளைத் தகடு பதினாறு, அதில் துருவுக்கு மூன்று போனால் பதிமூன்று, அழுத்தத்துக்குத் தேவை பதினொன்று சொச்சம், மிச்சம் கொஞ்சம், பேடு இவ்வளவு, நாசில் சுவர் இவ்வளவு. இரண்டு தடவை போட்டாள். நானூற்று நாற்பத்து நாலு சதுர மில்லிமீட்டர் குறைந்தது. ஒரு தபால் தலை அளவு இரும்பு. அந்தத் தபால் தலையைப் பார்த்ததும் அவளுக்குள் என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், பாவசங்கீர்த்தனக் கூண்டில் கூடச் சொல்லமாட்டாள். இடது பக்கம் பால் பீறிட்டு வந்தது. சந்தோஷத்தில். நூறு மில்லி பாட்டில் நிறைந்து விரலில் வழிந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தரைக்குத்தான் பம்பு போட்டார்கள், பதினைந்து நிமிஷம் இருந்தது, சதாசிவம் சார் கேபினுக்கு இருபது அடி. பாட்டிலை மூடினாள், பையில் வைத்தாள், சட்டைக் கொக்கியைப் போட்டாள், நடந்து வந்தாள், கேபின் கதவு திறந்திருந்தது, உள்ளே பொற்செல்வி இன்ஸ்பெக்டருக்குத் தன் கலர் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் வெசலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் இரும்பு எவ்வளவு வலி தாங்குகிறது என்று நிறத்தில் காட்டும் படம். நீலம் என்றால் சும்மா இருக்கிறது, பச்சை, மஞ்சள், வாயைச் சுற்றி மட்டும் சிவப்பு. "பாத்தீங்களா சார், எங்க பொண்ணு ஆறே மாசத்துல தானா கத்துக்கிட்டது" என்று சதாசிவம் சார் சொல்லிக்கொண்டிருந்தார். எங்க பொண்ணு. ஏழு வருஷத்தில் செரஃபீனாவை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, "செரஃபீனா கணக்குன்னா சரியா இருக்கும்" என்பார், அது வேறு, தராசைப் பற்றிச் சொல்வது. அவள் கதவைத் தாண்டி நடந்துவிட்டாள். அவ்வளவுதான். யாரும் அவளை நிறுத்தவில்லை, அவளும் பெரிதாக எதையும் தீர்மானிக்கவில்லை, கால் தாண்டிவிட்டது. ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும், அதைத்தான் இப்போதும் சொல்லிக்கொண்டாள். விதி நூல் மூன்று மடங்குக்கு மேல் ஜாக்கிரதை வைத்துத்தான் எழுதியிருக்கிறது. வெசல் புதுசு, துரு தின்னப்போகிற மூன்று மில்லி இன்னும் முழுசாக இருக்கிறது, தண்ணீர் வாயு மாதிரி வெடிக்காது, மிஞ்சிப்போனால் அந்த வளையத்தின் ஓரம் கொஞ்சம் நெகிழும், கசியும். கசிந்தால் பேடில் பென்சில் கனத்துக்கு ஒரு சின்னத் துளை போட்டிருப்பார்கள், அது வழியாகச் சொட்டும், அதற்குத்தான் அந்தத் துளை, உள்ளே நடப்பதை வெளியே சொல்ல. ஒரே ஒரு சொட்டு போதும். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்ப்பார், கலர் படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வார், சதாசிவம் சார் திரும்பி, கூட்டத்தில் தேடி, "செரஃபீனா எங்கே?" என்பார். அந்த ஒரு வாக்கியம் வேண்டும் அவளுக்கு. அதற்காகத்தான் நிற்கிறாள். பதினொன்று இருபத்தி ரெண்டு.

கோள் சொல்லும் துளை. கான்வென்டில் அவர்கள் வகுப்பில் ஒரு மரப்பலகை இருந்தது, உள்ளங்கை அகலம், கயிறு கோத்தது. வகுப்பில் தமிழ் பேசினால் அதைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். மாட்டிக்கொண்டவள் வேறு யாராவது தமிழ் பேசுவதைக் கேட்டுச் சொன்னால் பலகை அவள் கழுத்துக்குப் போகும். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவள் மாதா கெபிக்கு முன்னால் முழங்காலில் நிற்கவேண்டும். செரஃபீனா ஒருநாளும் முழங்காலில் நின்றதில்லை, அவள் காது அவ்வளவு கூர்மை. தனக்கொடி என்று ஒருத்தி, ஆறாம் வகுப்பில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள், இங்கிலீஷ் பாதி வராது, ஆனால் கணக்கில் நூற்றுக்கு நூறு, கரும்பலகையில் சிஸ்டர் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். ஒருநாள் மூன்றே முக்காலுக்கு, மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தனக்கொடி பென்சில் குத்திக்கொண்டு "அம்மா" என்று கத்தினாள். அம்மா என்பது தமிழா? சிஸ்டர் யோசித்தார்கள். பலகையை மாட்டியிருந்த செரஃபீனா, "யெஸ் சிஸ்டர், இட் இஸ்" என்றாள். தனக்கொடி ரத்தம் வடிகிற விரலோடு முழங்காலில் நின்றாள். இதை ஏன் இப்போது நினைக்கவேண்டும். பொற்செல்வியும் மணப்பாறைப் பக்கம் அரசாங்கப் பள்ளிக்கூடம்தான், வந்த புதிதில் இன்ஸ்பெக்டர்களிடம் பேசச் சொன்னால் செரஃபீனாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். மெயிலெல்லாம் செரஃபீனாதான் திருத்துவாள், இங்கே கமா, அங்கே ப்ளீஸ். இப்போது திருத்த ஒன்றுமில்லை. மேகம் வரையச் சொல்லிக்கொடுத்ததும் செரஃபீனாதான். "புது மேகம் போடும்போது பழசை அழிச்சிடு செல்வி, இல்லன்னா டிராயிங் கார்த்திகை மாசம் மாதிரி ஆயிடும்." அவள் எவ்வளவு சிரித்தாள் அதற்கு. சிரிக்கும்போது மேல் ஈறு தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் செரஃபீனாவுக்கு அவளைப் பிடித்திருந்தது, அப்போது.

நாற்காலியை அவள் உயரமாக்கிவிட்டாள். முதல் நாள் வந்து உட்கார்ந்தபோது செரஃபீனாவின் கால் தரையில் படவில்லை. "ஐயோ அக்கா, நான் குள்ளம்ல, டேபிள் எட்டாதுன்னு ஏத்திக்கிட்டேன், இருங்க" என்று குனிந்து லீவரை இழுத்தாள், நாற்காலி புஸ்ஸென்று இறங்கிற்று, தன் இடத்துக்குத் திரும்ப வந்தும் யாரோ இறக்கிவிட்டது போல. ஆஸ்பத்திரிக்கும் வந்தாள், பிள்ளை பிறந்த நாலாம் நாள், மஞ்சள் ஃபிராக் ஒன்று வாங்கிக்கொண்டு. அந்த ஃபிராக்தான் சனியன் எல்லாவற்றையும்விட லீதியாவுக்கு எடுப்பாக இருக்கிறது. இன்று காலையும் காப்பகத்து ஃப்ளோரா, "அந்த மஞ்சள் கவுனே போட்டுடுங்க மேடம், அதுலதான் பாப்பா பாப்பா மாதிரி இருக்கு" என்று கேட்டு வாங்கி மாட்டினாள். மாட்டும்போது லீதியா அவளைப் பார்த்துச் சிரித்தது. ஃப்ளோராவைப் பார்த்து. ஒன்பது நாளில் அழுகையை நிறுத்திவிட்டது, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நல்லதுதானே, மற்ற பிள்ளைகள் மாதிரி கதறினால் தாங்குவாயா என்று ராத்திரி புருஷன் வின்சென்ட் கேட்டான். அதே வாயால் பொற்செல்வியைப் பற்றியும் ஒன்று சொன்னான். செரஃபீனா அவளைப் பற்றி முக்கால் மணி நேரம் குறை சொல்லி முடித்தபின், பல் விளக்கிக்கொண்டே, "கெட்டிக்காரிதான் போல அந்தப் பொண்ணு" என்றான். நுரையோடு. எல்லாரும் நான் இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறார்கள். வெசல், டேபிள், பிள்ளை. நான் ஒரு வாய் வெட்டி எடுத்த இடம், சுற்றிப் பேடு வைத்து அடைத்துவிட்டார்கள், பலமாகவே இருக்கிறது.

"என்னக்கா, முள்ளையே முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க, அது பயந்து இறங்கிடப்போகுது." பொற்செல்விதான். எப்போது பக்கத்தில் வந்தாள்? கையில் பிளாஸ்டிக் ஸ்டூல். "உக்காருங்க. காலைலேர்ந்து நிக்கிறீங்க. இக்பால் அண்ணன் ஸ்டூல்தான், கேட்டா நான் திருடினேன்னு சொல்லிக்கிறேன்." அந்தப் பக்கத்திலிருந்து இக்பால் அண்ணன், "நான் கேக்கவே மாட்டேன் தாயி, அந்த ஸ்டூல்ல மூணு கால்தான் ஒழுங்கு" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். சதாசிவம் சார், "ஏன்யா, வெசலை விட உன் ஸ்டூலுக்குத்தான் முதல்ல டெஸ்ட் எடுக்கணும்" என்றார். செரஃபீனா உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவள் கொடுத்ததில் உட்கார்ந்ததாகும். மார்பு கல்லாகிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும், அக்குள் வரை. பதினொன்று முப்பத்தைந்து. லீதியாவுக்கு இப்போது பசிக்கும் நேரம். பாட்டில் கொடுத்திருப்பார்கள், குடித்துவிட்டுச் சிரிக்கும். "அக்கா" என்றாள் பொற்செல்வி, குரலைத் தாழ்த்தி. "ஒண்ணு கேக்கவா? நீங்க வந்ததுலேர்ந்து எங்கிட்ட சரியாப் பேசவே மாட்டேங்கிறீங்க. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?" இதோ. இதோ கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஆமாம் செல்வி, நாலாவது நாசில் பேடு, ஒரு தபால் தலை குறைகிறது என்று சொல்ல ஒரு மூச்சு ஆகாது. சொன்னால் என்ன ஆகும், அவள் கண் விரியும், ஓடுவாள், சாரிடம் தானே போய்ச் சொல்வாள், நான் தப்புப் பண்ணிட்டேன் சார், செரா அக்காதான் கண்டுபிடிச்சாங்க என்று, எல்லார் முன்னாலும், அழுதுகொண்டே. அவள் அப்படிப்பட்டவள். தப்பிலும் நல்ல பெயர் அவளுக்குத்தான் போகும். "ஒண்ணுமில்ல செல்வி, தூக்கம் இல்ல, பாப்பா" என்றாள் செரஃபீனா. "பாப்பாவுக்கு அந்த ஃபிராக் இன்னும் பத்துதாக்கா?" "பத்துது." பொற்செல்வி திரும்பிப் போய் வலதுபக்கத்தில் நின்றுகொண்டாள். ஸ்டூல் மட்டும் மூன்று காலில் நொண்டிக்கொண்டு அவளருகே நின்றது.

முள் அசைந்ததா? அசையவில்லை, கூரை ஓட்டை வழியாக வந்த வெயில் கண்ணாடியில் நகர்ந்தது. இரண்டு வருஷம் முன்னால், வேறு ஒரு பட்டறையில், டெஸ்ட் நடக்கும்போது ஒரு சின்ன அடைப்பு மூடி பிய்த்துக்கொண்டு கூரையைத் துளைத்துப் போனதை இக்பால் அண்ணன்தான் சொல்வார். "கட்டைவிரல் தண்டிதான் இருக்கும், கழுகு பறந்த மாதிரிப் போச்சு. அங்க ஒருத்தன் நின்னுருந்தான்னா அவன் பொண்டாட்டி இன்னிக்கு வேற ஊர்ல இருப்பா." தண்ணீர் வெடிக்காது. வெடிக்காது, ஆனால் வெல்டில் ஒரு குறை இருந்தால்? பேடு சரியாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும் ஒரு குறை, பேடு சின்னதானதால் தாங்காமல் போனால்? விதி நூல் மூன்று மடங்கு ஜாக்கிரதை வைப்பதே தெரியாத குறைகளுக்காகத்தானே, அந்த ஜாக்கிரதையை எடுத்து என் பொறாமைக்கு நான் செலவழித்துக்கொண்டிருக்கிறேனா? பயம் வந்துவிட்டால் அவளுக்கு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும், லீதியாவின் உச்சிக்குழியில். எலும்பு இன்னும் கூடாத அந்த இடம், விரல் நுனி அகலம், தூங்கும்போது பார்த்தால் மேலும் கீழும் துடிக்கும். குளிப்பாட்டும்போது அவள் அங்கே கை வைக்கமாட்டாள், தண்ணீரை மட்டும் விடுவாள். எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான், ஒன்றரை வயசில் மூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஒன்றரை வயசு வரை? அதுவரை உலகத்தில் எத்தனை மேசை முனை, எத்தனை கதவு, எத்தனை ஃப்ளோரா. அவ்வளவு மெல்லிய இடத்தைத் திறந்து வைத்து அனுப்பிவிட்டு எந்த விதி நூலும் கொடுக்கவில்லை. சிஸ்டர் சொல்வார்கள், பாவத்தில் நாலாவது வகைதான் மோசம், செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவது, ஏனென்றால் அதைச் செய்யும்போது கை சுத்தமாக இருக்கும். அவள் கைகளைப் பார்த்தாள். பால் காய்ந்து விரலிடுக்கு பிசுபிசுத்தது. யாருக்காவது ஏதாவது ஆனால் லீதியாவுக்கு ஏதாவது ஆகும் என்று தோன்றியது. அப்படி ஒரு கணக்கு எங்கேயும் இல்லை, அவளுக்குத் தெரியும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்க்கிறவளுக்கு எல்லாக் கணக்கும் அந்தக் கணக்குதான். சொல்லிவிடு. இப்போதே. பதினொன்று ஐம்பது. இப்போது சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்பார்கள். ஒவ்வொரு நிமிஷமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போகிறது, பத்தே காலுக்குக் காகிதம் தூக்குகிற கனம் இருந்தது, இப்போது முப்பது டன். அழுத்தத்தை இறக்கிவிடுவார்கள். பன்னிரண்டு பத்துக்கு, பதினைந்து கிலோவுக்கு இறக்கிய பிறகுதான் கிட்டே போய்ப் பார்ப்பார்கள், பதினைந்தில் ஒன்றும் ஆகாது. ஒரு சொட்டு மட்டும். ஒரே ஒரு சொட்டு கசியட்டும் மாதாவே, யாருக்கும் ஒன்றும் ஆகாமல், ஒரு சொட்டு. மாதாவிடம் போய் இதையா கேட்பது?

"டைம்" என்றார் சதாசிவம் சார். முள் இருந்த இடத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டர் தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டார். "பதினஞ்சுக்கு இறக்குங்க இக்பால், அப்புறம் போய்ப் பாக்கலாம்." இக்பால் அண்ணன் வால்வைக் கால் சுற்றுத் திருகினார், எங்கோ தண்ணீர் சீறியது, முள் பத்தொன்பதரையிலிருந்து நகரத் தொடங்கிற்று. பொற்செல்வியால் பொறுக்கமுடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, முள் பதினெட்டுக்குக்கூட வரவில்லை, மஞ்சள் கயிற்றுக்குக் கீழே குனிந்தாள். குனிந்தபோது ஹெல்மெட் கழன்று தரையில் உருண்டது. அவள் அதை எடுக்காமல், "நாலாவது நாசிலத்தான் சார் முதல்ல பாக்கணும்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். எண்ணெய் வைத்து நடு வகிடு எடுத்த தலை. வெள்ளைக் கோடாக வகிடு, உச்சி வரைக்கும். செரஃபீனா கண்டது அந்த வகிட்டைத்தான். "செல்வி! போகாத! கிட்டப் போகாத, வெளிய வா!" தன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. எல்லாரும் திரும்பினார்கள். இக்பால் அண்ணன் கை வால்வில் உறைந்தது. "பேடு பத்தலை. நூறு வேணும், எழுபத்தஞ்சுதான் இருக்கு. ஏரியா குறையுது, நானூத்தி நாப்பத்தி நாலு குறையுது, பிச்சுக்கும், வா வெளிய!" பொற்செல்வி பயந்துபோய் ஓடிவந்தாள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று மூச்சு வாங்கினாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள். மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. "ஷெல் எவ்வளவு வச்சுப் போட்டீங்கக்கா?" "பதினாறு." "பதினெட்டுக்கா." "பதினாறு. நான்தானே போட்டேன்." "பதினாறு பிளேட்டு கிடைக்கலன்னு ரெண்டாவது திருத்தத்துலயே பதினெட்டுக்கு மாத்தியாச்சேக்கா. அந்த ரெண்டு மில்லி கூட இருக்கிற தைரியத்துலதான் பேடைக் குறைச்சேன், இல்லன்னா நீளவாட்டு வெல்டு மேல ஏறுது." "அங்க மேகம் இல்லையே" என்றாள் செரஃபீனா. "மூணாவதுக்கு மேகம் போடும்போது ரெண்டாவது மேகத்தை அழிச்சிட்டேன். நீங்கதானேக்கா சொல்லிக்குடுத்தீங்க." குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினெட்டு என்று அந்த டிராயிங்கில் எழுதித்தான் இருந்திருக்கும், கொட்டை எழுத்தில், தலைப்பெட்டியில். அவள் படிக்கவே இல்லை. தன் பெயரை யார் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அவள் இல்லாத நேரத்தில் பதினாறு பதினெட்டாகி, அதைச் சுற்றி ஒரு மேகம் கூடி, அந்த மேகமும் கலைந்து, எல்லாம் எப்போதும் அப்படியே இருந்தது போல ஆகிவிட்டிருக்கிறது. சதாசிவம் சார் முதலில் சிரித்தார், உயிர் திரும்பி வந்த சிரிப்பு. "ஏம்மா, ஒரு நிமிஷத்துல பி.பி.யை எங்கயோ ஏத்திவிட்டுட்டியே. போகட்டும், பாத்துச் சொன்னியே, அதுவே பெருசு." இன்ஸ்பெக்டரும் புன்னகைத்தார். அவ்வளவில் முடிந்திருக்கலாம். சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே சார் கேட்டார், "ஆமா, எப்பப் பாத்தே இதை?" இப்போதுதான் சார் என்று சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது. டயபர் ரசீது அவள் பையில் இருக்கிறது. "பத்தே காலுக்கு" என்றாள் செரஃபீனா. சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, முதலில் கண்ணிலிருந்து, அப்புறம் வாயிலிருந்து. "பத்தே காலுக்கா? பத்தரைக்குத்தானே பம்பு போட்டோம்." கூரை டிக்கென்றது. "சாயங்காலம் கேபினுக்கு வா" என்று சொல்லிவிட்டு அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு. இக்பால் அண்ணன் தலையைக் குனிந்து வால்வை மீண்டும் திருகினார். பொற்செல்வி மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே காலையும் பத்தரையையும் கூட்டிப்பார்க்கத் தெரிந்த பெண், கலர் படம் வேண்டாம் அவளுக்கு. சிவப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் கோபம் வரும் என்று செரஃபீனா காத்திருந்தாள், கோபம் வந்தால் பிடித்துக்கொண்டு நிற்க ஒன்று கிடைக்கும். பொற்செல்வியின் பார்வை கீழே இறங்கி செரஃபீனாவின் மார்பில் நின்றது. செரஃபீனாவும் குனிந்து பார்த்தாள். இளநீலச் சட்டையில் இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்து, நடுவில் ஒன்றுசேர்ந்து, வயிறு வரை இறங்கியிருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

பொற்செல்வி மேலே மாட்டியிருந்த தன் ஆரஞ்சு சேஃப்டி ஜாக்கெட்டைக் கழற்றினாள். மற்றவர்களுக்கு மறைப்பாக வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். "முதல்ல இதைப் போட்டுக்குங்கக்கா." குரல் வறண்டிருந்தது. செரஃபீனா போட்டுக்கொண்டாள். ஜாக்கெட் இன்னும் சூடாக இருந்தது, தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது, தோளில் இறுக்கிற்று. இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள் என்று தோன்றியது, தோன்றியதை விரட்ட முயன்றாள், போகவில்லை. "பதினஞ்சு" என்று இக்பால் அண்ணன் அறிவித்தார். பொற்செல்வி ஹெல்மெட்டைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு, கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். டார்ச்சை செரஃபீனாவிடம் கொடுத்தாள். "நாலாவது நாசில். நீங்களே பாருங்க." இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். கிட்டே வந்தால் வெசல் குளிர்ந்த மூச்சு விட்டது, உள்ளே இருக்கும் தண்ணீரின் குளிர்ச்சி இரும்பைத் தாண்டி முகத்தில் பட்டது. நாசிலின் கழுத்து, அதைச் சுற்றி எழுபத்தைந்து அகலத்தில் பேடு, அதன் ஓரத்தில் சீராக ஓடிய வெல்டு, அடியில் அந்தத் துளை. செரஃபீனா வெளிச்சத்தை நம்பவில்லை, ஆள்காட்டி விரலைத் துளையில் அழுத்திப் பார்த்தாள். நுனிச் சதை மட்டும் உள்ளே போயிற்று. உள்ளே கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் இரும்புத்தூள். விரலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"எப்படிக்கா இருக்கு?" என்று பின்னாலிருந்து பொற்செல்வி கேட்டாள்.

செரஃபீனா விரலை ஜாக்கெட்டில் துடைக்கப்போய், அது யாருடையது என்று ஞாபகம் வந்து, தன் நனைந்த சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"காய்ஞ்சிருக்கு" என்றாள்.